நத்தைகள் மட்டும் செத்த வீடு

"ஒன்பது நாளு சார். ஒரு ஆம்பள கூட அந்தப் படி ஏறல," என்று சொல்லி மோனிகா நோட்டை மேஜைமேல் போட்டாள். "கேஸ்காரன் வந்தான். அவனும் சிலிண்டரக் கீழயே எறக்கிட்டு, 'லிஃப்ட் ரிப்பேரு'ன்னு ஓடிட்டான். கள்ளக் காதலனுக்கு மூணு மாடி ஏற முடியலன்னா அந்தக் காதலு நிக்குமா?"

கோவர்த்தனன் நோட்டைப் பிரிக்கவில்லை. திருச்சானூர் ரோட்டைப் பார்த்த அந்த மாடி அறையில் பதினோரு வருஷமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். வருகிற வேலையெல்லாம் இரண்டே ரகம். கல்யாணத்துக்கு முன்னால் விசாரணை, கல்யாணத்துக்குப் பின்னால் சந்தேகம். நடுவில் இருக்கிற கல்யாணம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை.

இப்போது வந்திருப்பது இரண்டாவது ரகம். ஆள் ஹேமநாத். சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பம், பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. நாற்பது நாளைக்கு முன்னால் திருப்பதி கொர்லகுண்டாவில் இருக்கும் வீட்டைவிட்டுப் பெட்டியோடு கிளம்பியவன், விவாகரத்து வேண்டும் என்று பேப்பர் அனுப்பினான். மனைவி காஞ்சனா, நகரியில் தறி ஓட்டுகிற குடும்பத்துப் பெண், கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சித்தூரில் வக்கீல் ஆபீசில் கடைசிப் பேச்சு. அதற்குள் அவளுக்கு வேறொரு ஆள் இருப்பதை நிரூபித்துக் கொடுத்தால், அவள் கையெழுத்தே தேவைப்படாது. இவ்வளவுதான் ஹேமநாத் கேட்டது.

ஆதாரம் என்று அவன் காட்டியதுதான் விசித்திரம். ஒரு மீன் தொட்டி.

"சாதாத் தொட்டி இல்ல சார், கடல் தொட்டி," என்று அன்றைக்கு இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான். "உப்புத்தண்ணி, பவளம், கடல் மீனு. ஒரு நாளைக்கு மூணு நாலு லிட்டர் ஆவியாப் போவும். தண்ணி ஒரு விரல்கடை எறங்குனா என் போன்ல மணி அடிக்கறா மாதிரி சென்சார் வெச்சிருக்கறேன். நான் கிளம்பினதும் ஏழு நாள் அடிச்சுக்கினே இருந்தது. எட்டாவது நாள் நின்னுச்சு. இதுவரைக்கும் அடிக்கல. யாரோ ஊத்தறான்."

"உங்க வீட்டம்மா ஊத்தலாமே?"

ஹேமநாத் சிரித்தான். "அந்தத் தொட்டிய அவ சக்களத்தின்னு சொல்லுவா சார். கிட்டவே வர மாட்டா. எங்க அம்மா போன்ல கேட்டதுக்கும் 'நான் அந்தப் பக்கமே போறதில்ல அத்த'ன்னு சொல்லியிருக்கா. திருப்பதியில அதுக்குத் தண்ணி ஊத்தத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான். தொட்டி வெச்சுக் குடுத்த சாய்குமாரு."

அதிலிருந்து ஒன்பது நாள், எதிர் மாடியில் மோனிகா. கோவர்த்தனனின் உதவியாள், வடமாலபேட்டைப் பெண். வாய்க்கு மட்டும் ஊரில் தனியாக ஒரு வார்டு ஒதுக்கலாம்.

"உள்ள போனியா?" என்று கேட்டார் கோவர்த்தனன்.

"நேத்து போனேன் சார். வாட்டர் ப்யூரிஃபையர் சர்வீஸுன்னு சொல்லிக்கினு. நானே ரெண்டு ஸ்க்ரூவக் கழட்டிட்டேன். திரும்ப மாட்டறதுக்குள்ள உசுரு போயிடுச்சு." போனை நீட்டினாள். "இன்னாக்கா இவ்ளோ பெரிய தொட்டின்னு கேட்டேன். 'அது அவரோடது, நான் தொடறதில்ல'ன்னு அப்பிடியே மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அது மோர் கலக்கப் போன நேரத்துல புடிச்ச போட்டோ இது."

நாலடித் தொட்டி. நீல வெளிச்சம். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் கண்ணாடியோடு மூக்கை உரசிக்கொண்டிருந்தன. பின்னால் பாறைமேல் இருந்த பவளமெல்லாம் தண்ணீரில் போட்டுவைத்த பல்செட்டு மாதிரி வெளுத்துக் கிடந்தன. அடி மணலில் நத்தைகள், வாய் மேலே பார்க்க, இருபதுக்குக் குறையாது.

"மீனு ரெண்டும் புதுசாக் கல்யாணம் ஆனதுங்க மாதிரி சுத்திக்கினு கெடக்குது சார். நத்தைங்க மட்டும் கூண்டோட கைலாசம்."

கோவர்த்தனன் அந்தப் படத்தையே பார்த்தார். ஒரே தண்ணீர், ஒரே தொட்டி. பாதி செத்துப் பாதி பிழைத்திருக்கிறது.

"வண்டிய எடு," என்றார். "சாய்குமாரப் பாப்போம்."

சாய்குமாரின் கடை எம்.ஆர்.பள்ளியில் ஒரு சந்துக்குள் இருந்தது. சுற்றிலும் கண்ணாடித் தொட்டிகள், குமிழ் விடும் சத்தம், ஈரக் காற்று. முப்பது வயசு இருக்கும். ஹேமநாத் பெயரைச் சொன்னதுமே முகம் சுண்டிவிட்டது.

"அவரு என்னச் சந்தேகப்படறாருன்னு எனக்கும் காதுல வுழுந்துச்சு சார். நான் அந்த வீட்டுக்குப் போயி ரெண்டு மாசம் ஆவுது. தொட்டி வெச்சுக் குடுத்ததுதான் பாவமாப் போச்சு."

"எப்படி வெப்பீங்க அதெல்லாம்?" மோனிகா கேட்டாள். "கல் உப்பக் கரச்சு ஊத்துனா கடலா?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் சாய்குமாருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "அதுக்குன்னே உப்பு வருது மேடம். ஆர்.ஓ. தண்ணியில கலக்கணும். மணலு, பாறை, மோட்டாரு எல்லாம் வெச்சிட்டு நாப்பது நாள் சும்மா உடணும். அழுக்கத் துன்னுற கண்ணுக்குத் தெரியாத பூச்சி பாறையில வளரணும் இல்ல? அதுக்கு முன்னால மீன உட்டா செத்துப்பூடும். அப்பறம் நத்தை. கண்ணாடியில படியற பாசியத் துன்னுறதுக்கு. அப்பறம்தான் மீனு. கடைசியா பவளம். ஹேமநாத் சாரு அந்த நாப்பது நாளும் வெறுந்தண்ணி முன்னால நாற்காலி போட்டு உக்காந்துக்கினு இருப்பாரு. அந்தக்கா, 'மீனே இல்லாத தொட்டிக்கு இன்னாத்துக்கு லைட்டு'ன்னு கேக்கும். பதில் சொல்ல மாட்டாரு."

"ஆவியாப் போற தண்ணிக்கு?"

"வெறும் ஆர்.ஓ. தண்ணி போதும் சார். தண்ணிதான் போவும், உப்பு அங்கயேதான் இருக்கும். கண்ணாடியில மார்க்கர்ல கோடு போட்டிருக்கறேன். அதுவரைக்கும் ஊத்தணும்."

கோவர்த்தனன் போனைக் காட்டினார். சாய்குமார் வாங்கிப் பார்த்தான். விரலால் பெரிதாக்கினான். "தேவுடா," என்றான் மெதுவாக. "நத்தைங்க அல்லாம் பூடுச்சா."

"யாராவது விஷம் வெச்சிருப்பாங்களா?"

"வெஷம்னா மொதல்ல மீனு போவும் சார். மீன உட்டுட்டு நத்தையும் பவளமும் மட்டும் சாவுதுன்னா அது ஒண்ணே ஒண்ணுதான். செம்பு. மீனுக்குச் சீக்கு வந்தா நாங்களே வேற தொட்டியில உட்டு செம்பு மருந்து போடுவோம். மீனு தாங்கிக்கும். இதுங்களுக்குத் துளி போதும், ஆவாது. ஹேமநாத் சாரு கையில செப்பு மோதிரம் போட்டிருப்பாரு. அதக் கழட்டி வெச்சிட்டுத்தான் தண்ணியிலயே கை வைப்பாரு. நான் சொல்லிக் குடுத்தது."

கோவர்த்தனன் எழுந்தார். "அப்போ உன்மேல சந்தேகம் இல்ல. நீ ஊத்தியிருந்தா நத்தை செத்திருக்காது."

"நத்தை சாட்சி சொல்லியிருக்குது பாருங்க சார்," என்றாள் மோனிகா. "செத்தும் சொல்லியிருக்குது. நம்ம கேஸுங்கள்ல உசுரோட இருக்கறவனே வாயத் தொறக்க மாட்டான்."

சந்தில் இறங்கி நடந்தபோது கோவர்த்தனன் கேட்டார். "நேத்து அந்த வீட்ல மோர் குடிச்சே. தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன். ஏன் சார் பீதியக் கிளப்பறீங்க?"

"எதுலர்ந்து மொண்டு குடுத்தா?"

மோனிகா சொல்ல வாயெடுத்தவள் நின்றாள். பக்கத்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "சாமி ரூம்லர்ந்து சார். செப்புக் குடம். புளி போட்டுத் தேச்சு வெச்சிருந்துச்சு. அதுல என் மூஞ்சி தெரிஞ்சுது. சுமாராத்தான் இருந்துது, ஆனா தெரிஞ்சுது."

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு அங்க இரு. ஸ்க்ரூ சரியா மாட்டலன்னு சொல்லு."

மறுநாள் எட்டு மணிக்கு மோனிகா திரும்பி வந்தாள். வழக்கமாக வாசலில் இருந்தே ஆரம்பிக்கிறவள், நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"கதவு தொறந்தே இருந்துது சார். குளிச்சிட்டுத் தலையில துண்டோட நின்னுக்கினு இருந்துச்சு. கொடத்தத் தூக்கியாந்து தொட்டிக்குள்ள ஊத்துது. நூலு மாதிரி, சத்தமே வராம. வாய்க்குள்ள என்னமோ சொல்லிக்கினே ஊத்துது. கோடு வரைக்கும் கரெக்டா நிறுத்துது."

"உன்னப் பாத்தாளா?"

"பாத்துச்சு. இன்னாக்கா, தொடறதில்லன்னு சொன்னியேன்னு கேட்டேன். யார்கிட்டயும் சொல்லாதன்னு கையப் புடிச்சுக்கிச்சு. 'அவரு திரும்பி வரும்போது தொட்டி காஞ்சு கெடந்தா நல்லாவா இருக்கும்? அவரு தீனி போடறத, தண்ணி ஊத்தறத நாலு வருஷமா அடுப்படியிலர்ந்து பாத்துக்கினுதான் இருக்கறேன். அவரு பிளாஸ்டிக் மக்குல ஊத்துவாரு. நான் செப்புக் குடத்துல ராத்திரி பூரா சாமி முன்னால வெச்சிட்டு ஊத்தறேன். நல்ல தண்ணி'ன்னு சொல்லுது."

கோவர்த்தனன் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"இன்னும் கேளுங்க சார். பவளம் வெளுத்தத அதுவும் பாத்திருக்குது. 'அதுங்களுக்கும் அவரு இல்லாத ஏக்கம் போல இருக்குது. அதனால தெனம் ரெண்டு சொம்பு மொண்டு வெளிய ஊத்திட்டு, கொடத்துத் தண்ணி ரெண்டு சொம்பு கூடச் சேக்கறேன்'னு சொல்லுது."

"செம்பு ஆகாதுன்னு சொன்னியா?"

"வாய் வரைக்கும் வந்துச்சு. நான் சர்வீஸுக்கு வந்த பொண்ணாச்சே. ஸ்க்ரூவ மாட்டிட்டு வந்துட்டேன்."

அன்றைக்கு மத்தியானம் கோவர்த்தனன் ரிப்போர்ட் எழுதினார். வழக்கமாக நாலு பக்கம் வரும். இது ஆறே வரி. வெளி ஆண் எவரும் வரவில்லை. தண்ணீர் ஊற்றுவது மனைவி. ஊற்றும் காரணம் இது. எழுதி முடித்ததும், பதினோரு வருஷத்தில் வராத ஒரு நப்பாசை வந்தது. பிரித்துக் கொடுத்தே பழகிய கை, முதல் தடவையாக ஒன்றைச் சேர்த்து வைக்கப் போகிறது என்று தோன்றியது.

"அவன் கெட்டவன் இல்லம்மா," என்று மோனிகாவிடம் சொன்னார். "அவளுக்குத் தன்மேல இவ்ளோ பாசம் இருக்குதுன்னு அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா மனசு மாறும்."

மோனிகா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "சார், நீங்க கல்யாணமே பண்ணிக்கல இல்ல?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை. சந்திரகிரி தாண்டி, காணிப்பாக்கம் போகிற கூட்டத்தில் கொஞ்ச நேரம் மாட்டி, சித்தூர் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. ஹேமநாத்தின் வக்கீல் வேங்கடாசலத்தின் அறையில் ஃபேன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் ஹேமநாத், அந்தப் பக்கம் காஞ்சனா. அவள் துணைக்கு யாரையும் அழைத்து வரவில்லை. மோனிகாவைப் பார்த்ததும் அவள் கண் ஒரு தடவை விரிந்தது. சர்வீஸுக்கு வந்த பெண் யார் என்று புரிந்துபோயிற்று. மோனிகா தரையைப் பார்த்தாள்.

ஹேமநாத் ரிப்போர்ட்டைப் படித்தான். ஆறு வரியை இரண்டு தடவை படித்தான்.

"யாரும் வரலையா?"

"யாரும் வரல," என்றார் கோவர்த்தனன். "உங்க வீட்டம்மாதான் தெனமும் ஊத்தறாங்க. நீங்க வரும்போது தொட்டி காஞ்சிருக்கக் கூடாதுன்னு."

ஹேமநாத் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். நாற்பது நாளில் முதல் பார்வை. காஞ்சனா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காது மடல் சிவந்ததைக் கோவர்த்தனன் கவனித்தார். வென்றுவிட்டோம் என்றே நினைத்தார்.

"எதுல ஊத்துன?" என்று கேட்டான் ஹேமநாத்.

"செப்புக் குடத்துல."

"எதுல?"

"சாமி ரூம்ல இருக்குதே, எங்க வீட்ல சீர் குடுத்தது. அதுல."

அவன் முகம் வெளிறியது. "நத்தை?"

"செத்துப்போச்சு."

"பவளம்? அந்தப் பச்சை?"

"எல்லாம் வெளுத்துடுச்சுங்க. எனக்கு என்னான்னே தெரியல."

ஹேமநாத் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். தோள் குலுங்கியது. "நாலு வருஷம்," என்றான். "விரல் நுனி அளவு துண்டு அது. மெட்ராஸ்லர்ந்து மடியில வெச்சுக்கினு வந்தேன். ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு முப்பதாச்சு. நாலு வருஷம் சார்." மூக்கை உறிஞ்சினான். கண்ணீர் ரிப்போர்ட்மேல் விழுந்து, ஐந்தாவது வரியில் மை கலைந்தது.

வேங்கடாசலம் பேனாவை எடுத்தார். தொழில் தெரிந்தவர். "கோவர்த்தனன் காரு, இத நீங்க ரிப்போர்ட்ல சேத்துக் குடுங்க. புருஷன் உசுரா வளத்தத வேணும்னே நாசம் பண்ணதா. அதுவும் ஒரு கொடுமைதான். வேற ஆளு இல்லன்னாலும் இது நமக்குப் போதும்."

"வேணும்னே இல்ல," என்றார் கோவர்த்தனன். ஹேமநாத் பக்கம் திரும்பினார். "செம்பு ஆகாதுன்னு கடைக்காரன் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தான். நீங்க மோதிரத்தக் கழட்டி வெச்சீங்க. வீட்ல இருக்கற இவங்களுக்கு அத எப்பவாவது சொன்னீங்களா?"

"அவளுக்கு இன்னாத்துக்கு சார்? கை வைக்காதன்னு சொல்லியிருந்தேன். அது போதாதா?"

காஞ்சனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. தெரியாத ஊரில் பெயர்ப்பலகை படிக்கிறவள் மாதிரி, அவன் கன்னத்தில் வடிகிற தண்ணீரை எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்," என்றாள் வக்கீலிடம். "கையெழுத்து எங்க போடணும்?"

வேங்கடாசலத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, அவசரம் இல்ல. நீ யோசிச்சு..."

"போடறேன் சார். குடுங்க."

காகிதங்கள் அவள் பக்கம் நகர்ந்தன. நாலு இடம். முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவைத் தூக்காமலே பேசினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எனக்கு அஞ்சாம் மாசத்துல கலைஞ்சு போச்சு சார். ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருந்தேன். இவரு வந்தாரு. அர மணி நேரம் நின்னாரு. மீனுக்குத் தீனி போடணும்னு கிளம்பிட்டாரு. கண்ணுல ஒரு சொட்டு இல்ல." இரண்டாவது கையெழுத்து. "எங்க அம்மா திட்டுச்சு. நான்தான் சொன்னேன், அவரு அப்படித்தான், அவருக்கு அழத் தெரியாது, உள்ளயே வெச்சுக்குவாருன்னு. நாலு வருஷமா எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக்கினு இருக்கறேன்." மூன்றாவது. "அழத் தெரியாத மனுசன்னா காத்துக்கினு இருக்கலாம் சார். இவருக்கு நல்லாத் தெரியுது."

நாலாவதையும் போட்டாள். பேனாவை மூடி வைத்தாள்.

"கோர்ட்டுல ஆறு மாசம் டைம் குடுப்பாங்கம்மா," என்றார் வக்கீல். "அதுக்குள்ள மனசு மாறினா..."

"எதுக்கு சார் அவ்ளோ நாளு?" என்று எழுந்துகொண்டாள். கோவர்த்தனனைக் கடக்கும்போது நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று அவர் எழுந்து நின்றார். அவள் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு வெளியே போய்விட்டாள். ஹேமநாத் அதற்குள் போனில் சாய்குமாரைக் கூப்பிட்டு, பாதித் தண்ணியை மாற்றினால் அந்தப் பச்சைப் பவளத்தில் ஒரு துண்டாவது தேறுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கார் சித்தூரைத் தாண்டியது. மோனிகா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆளு ஒருத்தன் வந்துக்கினு போறான்னு நாம பொய் எழுதியிருந்தா, அந்தக்கா உடாம சண்ட போட்டிருக்கும் சார். சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கும். நம்ம உண்மையத்தான் தாங்க முடியல அதுக்கு."

கோவர்த்தனன் கண்ணாடியை இறக்கிவிட்டார். எதிர்காற்று முகத்தில் அறைந்தது. மறுபடி ஏற்றிவிட்டார்.

"அடுத்த கேஸு என்னன்னு சொல்லு," என்றார்.

"கார்வேட்டிநகரம் சார். மாப்பிள எப்படின்னு பொண்ணு வீட்ல கேக்கறாங்க."

"எப்பக் கல்யாணம்?"

"பத்து நாளு இருக்குது."

"நல்லவன்தானான்னு விசாரிக்க வேணாம்," என்றார் கோவர்த்தனன். "எதுக்கு அழுவான்னு மட்டும் விசாரி."